வலது பக்கமே இல்லாத ரவுண்டு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு யாராலும் என்னை நிறுத்த முடியவில்லை. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தேன். கொட்டகை இருந்தது, போர்டு இருந்தது, கார் இல்லை. வாடகைக்கு ஒரு காரை எடுத்து, வெல்டிங் பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, இடது பக்க சீட்டுக்குக் கீழே இன்னொரு பிரேக்கை வைக்கச் செய்தேன். காரின் சொந்தக்காரர் பார்த்து அழுதார். பிறகு அவரே என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்புறம் அடையாறில் ஒரு கிளை. டி. நகரில் ஏசி போட்ட கிளை. மூன்று மாடி வீடு, மாடிக்கு மாடி பாத்ரூம். பையனை இன்ஜினியர் ஆக்கினேன். நீதிபதிக்கு கிளட்ச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கியபோது தோளில் தட்டிக்கொடுத்தவனும் நான்தான். பின்னாளில் அவர்தான் என் குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். அது யார் கொடுத்த டிரெய்னிங்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது என் ரவுண்டு. மந்தைவெளியில் கிளம்பி, கால்வாய்க் கரையோரமாகக் கிழக்கே போய், பட்டினப்பாக்கத்தில் இடது, சாந்தோம் தாண்டிக் கச்சேரி ரோட்டுக்குள் இடது, லஸ் முனையில் இடது, மறுபடி மந்தைவெளி. திரும்புகிற இடமெல்லாம் இடதுதான். வலது பக்கம் திரும்புகிற பேச்சே கிடையாது. எதிரில் வருகிற பஸ்ஸுக்கு முன்னால் மூக்கை நீட்ட வேண்டாம், ஆட்டோக்காரரிடம் அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டாம். ஓட்டத் தெரியாதவரை ஓட்டத் தெரிந்தவர் மாதிரி காட்டுகிற ஒரே பாதை இந்தச் சென்னையில் அதுதான். அதைக் கண்டுபிடிக்க எந்த இன்ஜினியரும் வந்து எனக்கு உதவவில்லை.

கியருக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். புதிதாக வருகிறவரிடம் இன்ஜின் சத்தத்தைக் கேள் என்றால், அவருக்கு அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்கும். அதனால் காதை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தேன். டீக்கடை இஞ்சி வாசனை வந்தால் செகண்ட். மீன் வாசனை வந்தால் தேர்ட். கச்சேரி ரோட்டில் நாட்டு மருந்து வாசனை அடித்தால் திரும்பவும் செகண்ட். மார்க்கெட் கொத்தமல்லி வாசனை வந்துவிட்டால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இறங்கு. கண்ணாடி எப்போதும் இறக்கியே இருக்கும். ஜலதோஷம் பிடித்தவர்களுக்கு அன்றைக்கு லீவு.

இப்படி ஆயுசெல்லாம் அந்த ரவுண்டிலேயே நானும் சுற்றினேன். அதைவிட்டு வெளியே போக எனக்கு வேலை இல்லை. கல்யாணம், சாவு, பேங்க், இவற்றுக்குப் போவேன். போனால் நேரே அந்த வாசல், வந்தால் நேரே என் வாசல்.

பிறகு மெட்ரோ வேலை வந்தது. லஸ்ஸில் பள்ளம், மந்தைவெளியில் பள்ளம், கச்சேரி ரோட்டில் தடுப்பு. டீக்கடை போயிற்று. நாட்டு மருந்து வாசனை இருந்த இடத்தில் சிமெண்டுத் தூசி. படிக்க வந்தவர்கள் பர்ஸ்ட் கியரிலேயே உறுமிக்கொண்டு போனார்கள், வாசனைக்குக் காத்துக்கொண்டு. என் பையன் போனில் படம் போட்டுப் புதுப் பாதை வகுத்தான். வண்டிக்கு வண்டி, எங்கே போகிறது என்று காட்டுகிற கருவி ஒன்றையும் மாட்டினான்.

"நைனா, உன் ரவுண்டு முடிஞ்சுபோச்சு. நீ இனிமே ஆபீஸ்ல சொம்மா உக்காரு. வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லு, போதும்" என்றான்.

"நா கட்டின ஆபீஸ்ல எனக்கே வாட்ச்மேன் வேலையா?"

"வாட்ச்மேனுக்கு நைட்டு டூட்டி நைனா. உனக்கு அதுகூட இல்ல."

அப்படி வணக்கம் சொல்ல உட்கார்ந்திருந்த நாளில்தான் டீச்சர் வந்தார். காட்டன் புடவை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் மடக்குக் குடை. நான் சொன்ன வணக்கத்துக்குப் பதில் வணக்கம் இல்லை.

"என்னை ஞாபகம் இருக்கா மாஸ்டர்?"

"வந்தவங்க எல்லாரையும் ஞாபகம் வச்சிருந்தா எனக்கு மண்டை வெடிச்சிருக்கும்மா."

"நான் சாந்தோம். ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டேன். கல்யாணமான புதுசுல உங்ககிட்டதான் டிரைவிங் கத்துக்கிட்டேன். லைசென்ஸும் வாங்கினேன்."

"பாத்தீங்களா! சந்தோஷம்."

"சந்தோஷப்பட ஒண்ணும் இல்ல. நீங்க எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கல. ஒரே ஒரு ரவுண்டு போகக் கத்துக்கொடுத்தீங்க. எனக்கு ரைட்ல திரும்பத் தெரியாது. எங்க வீட்டுக் கேட்டுக்கு வெளிய வந்தா முதல்ல ரைட்ல திரும்பணும். அப்புறம் எப்படி ஓட்டுறது?"

என் பையன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டான். நான் அசரவில்லை. "லெஃப்ட்ல திரும்பி மூணு தெரு சுத்தினா அதே ரைட்டுதான் டீச்சர்" என்றேன்.

"அந்தத் தெருவுல முட்டுச் சுவர் இருக்கு."

உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தேன். அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. டீச்சரின் வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. அவர் காரணம் இல்லாமல் கார் சாவியைத் தொட மாட்டாராம். அவர் ஓட்டுவார், டீச்சர் பக்கத்தில் ஜெபமாலை உருட்டுவார். அந்தக் கார் இப்போது ஷெட்டில் நிற்கிறது. வெளிநாட்டிலிருக்கும் மகள் கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், வந்ததும் காரை விற்றுவிடுவதாக முடிவு. 'நீ எங்கம்மா போகப்போற' என்று போனில் கேட்டாளாம்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எங்கயும் இல்லன்னேன். அப்ப வித்துடலாம்னுட்டா. எங்கயும் போகாம வீட்டுல கிடக்குறது வேற மாஸ்டர், எங்கன்னு இல்லாம கிளம்பிப் போறது வேற. அவளுக்குச் சொன்னா புரியல. அந்தக் காரை நான் ஒரு நாளாவது சும்மா எடுத்துட்டுப் போகணும்."

"எங்கன்னு இல்லாம போனா அதுக்குப் பேரு பைத்தியம் டீச்சர்."

"சரி, பைத்தியம். கத்துக்கொடுப்பீங்களா, மாட்டீங்களா?"

என் பையன் அவரைச் சேர்த்துக்கொண்டான். அவனுடைய ஆட்கள் டீச்சரோடு மாற்றி மாற்றிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் 'எங்க போறோம்னு சொல்லாதீங்க' என்கிறாராம், படத்திலிருக்கும் பாதைக்கு வர மாட்டேன் என்கிறாராம். அவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. கடைசியில் நான் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். முற்றத்தில் என் பழைய வண்டி நின்றது, இடது பக்கம் பிரேக் வைத்தது. அதன் சாவி எப்போதும் என் வேட்டி மடிப்பில்தான் இருக்கும்.

முதல் நாள் டீச்சரை என் ரவுண்டிலேயே கூட்டிப்போனேன், பள்ளம் இல்லாத வரைக்கும். பட்டினப்பாக்கத்தில் மீன் வாசனை வந்ததும் கை தானாகத் தேர்டுக்குப் போனது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் நான் சொல்லிக்கொடுத்தது மூக்கிலேயே நிற்கிறது! கச்சேரி ரோட்டுக்கு முன்னால் தடுப்பு. நேரே போகச் சொன்னார்கள். கடற்கரை ரோட்டைத் தொட்டு, இடது பக்கம் ஒரு பெரிய ரோட்டில் ஏறினோம். அதுவரைக்கும் இடது, பயமில்லை. ஒரு சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்கள் வரிசை மொத்தத்தையும் வலது பக்கம் ஒதுக்கிவிட்டார்.

"சார், எங்க ஸ்கூல்ல ரைட்டு கிடையாது" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"இன்னா பெருசு, காலங்காத்தால காமெடியா? வண்டிய எடு!"

டீச்சர் "யேசுவே" என்றார். திருப்பினார். பின்னால் ஒரு டெம்போ ஹாரனை விடவே இல்லை. என் கால் பிரேக்கின் மேல் அரை அங்குலம் உயரத்தில் நின்றது. மிதிக்கவில்லை. மிதிக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை, அது வெளியில் தெரியாது. வண்டி திரும்பி முடித்ததும் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். பேரன் பேத்தி எடுக்கிற வயசு அம்மா, முதல் தடவை சைக்கிள் விட்ட பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது என்ன என்று தெரியவில்லை. இன்னொரு தடவை வலது, ஓர் இடது. பழைய பங்களாக்கள், மதிலுக்கு மேலே மாமரம், ஒரு சின்னப் பள்ளிக்கூடம், தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கோபாலபுரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், அந்தத் தெருவை நான் பார்த்ததில்லை.

"மாஸ்டர், இங்க ஒரு வாசனையும் இல்லையே. எந்த கியர் போடுறது?"

நானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "இன்ஜின் இன்னா சொல்லுதுன்னு கேளுங்க டீச்சர்" என்றேன். தெரு அமைதியாக இருந்ததால் அது சொன்னது கேட்டது. செகண்ட் கேட்டது, கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் தேர்ட் கேட்டது.

தெரு முனையில் வண்டியை நிறுத்தினார். இடதும் போகலாம், வலதும் போகலாம். "எங்க போறோம் மாஸ்டர்?"

"தெரியலியே."

அப்படிச் சொன்னதும் எனக்கே ஆச்சரியம். அந்த வார்த்தையைத் தொழிலில் நான் சொன்னதே இல்லை. சொன்னால் படிக்க வந்தவர் இறங்கி ஓடிவிடுவார். டீச்சர் ஓடவில்லை. இரண்டு பக்கமும் யாரும் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. இடது பக்கம் போனால் ஒன்றும் லாபமில்லை, வலது பக்கம் போனால் ஒன்றும் நஷ்டமில்லை. தகரக் கொட்டகை போட்ட நாள் முதல் என் இரண்டு காலும் ஒரு பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தன. அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டிரைவிங் மாஸ்டர் சம்மணம் போடுவது சட்டப்படி தப்பு என்று என் பையன் சொல்கிறான். வண்டி நின்றுகொண்டிருந்தது, அதனால் தப்பில்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் கிளம்பிவிடுவோம். தெரு முனை வந்தால் எந்தப் பக்கம் கூட்டம் இல்லையோ அந்தப் பக்கம், அவ்வளவுதான் சட்டம். சில நாள் அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பார்த்தால் எங்கள் மார்க்கெட் வாசலிலேயே வந்து நிற்போம். சில நாள் கொட்டிவாக்கத்தில் கடல் முடிகிற இடத்தில், அதாவது ரோடு முடிகிற இடத்தில், வண்டியை நிறுத்திச் சுண்டல் சாப்பிடுவோம். என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள்: "இன்னாய்யா, இந்த வயசுல எங்கதான் போய்க்கினு வர?" எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! மறுநாள் அவளும் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள், ஒரு தூக்கில் தயிர்ச் சாதத்தோடு.

என் பையன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். நாங்கள் போன வழி முழுக்கக் கோடாக வந்திருந்தது.

"நைனா, இது இன்னா ரூட்டு? பூனை நூல்கண்ட வச்சி வெளையாடின மாதிரி கீது."

"அழகாத்தான கீது? பிரேம் போட்டு மாட்டு."

திருவல்லிக்கேணியில்தான் ஒரு நாள் வகையாக மாட்டிக்கொண்டோம். கூட்டமில்லாத பக்கம் என்று நம்பித் திரும்பினோம். பேச்சிலர்கள் தங்குகிற மேன்ஷன் சந்து அது. முன்னால் தண்ணி லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். பின்னால்தான் வர வேண்டும். டீச்சருக்கு ரிவர்ஸ் அப்போதுதான் பாதி வந்திருந்தது. மேன்ஷன் மாடிகளில் லுங்கியும் பனியனுமாகப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, லெஃப்ட்ல ஒடிங்க!"

"டேய், ரைட்டுடா! ஆன்ட்டி, அவன் பேச்சக் கேக்காதீங்க, அவனுக்கு லைசென்ஸே இல்ல!"

"தாத்தா, நீ எறங்கிக்க, வெயிட்டு கொறையும்!"

"மச்சி, எல் போர்டுக்குப் பொட்டு வச்சிருக்காங்க பாரேன்!"

டீச்சர் இன்ஜினை அணைத்தார். கதவைத் திறந்து இறங்கினார். குடையை மாடிப் பக்கம் நீட்டினார். "எல்லாரும் வாயை மூடுங்க. பச்ச பனியன், நீ மட்டும் சொல்லு. மத்தவங்க பைக்கைத் தள்ளி வைங்க. ஓடாதீங்க, நடந்து வாங்க."

சந்து மொத்தமும் கப்சிப். நடந்துதான் வந்தார்கள். பச்சை பனியன் மட்டும் "கொஞ்சம் லெஃப்ட் மிஸ்" என்றான். வண்டி வெளியே வந்தது. என் பிரேக்குக்கு அன்றைக்கும் வேலை இல்லை. கீழே இறங்கிக் கைகொடுத்தவன் நான் என்பதை மட்டும் குறிப்பிட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். டீச்சர் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேக்கைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் நேரே விஷயத்துக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து தூக்கமில்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அங்கிள், நீங்களே சொல்லுங்க. போன்ல தட்டினா வாசல்ல கார் வந்து நிக்குது. அம்மா இந்த டிராஃபிக்ல ஓட்டிப் போய் எங்கயாவது இடிச்சா நான் அங்கேருந்து ஓடி வர முடியுமா? எனக்கு அங்க ராத்திரியெல்லாம் இதே கவலைதான்."

கெட்ட பெண் இல்லை. பயந்த பெண். நான் ஆயிரம் பயந்தவர்களைப் பார்த்தவன், எனக்குத் தெரியாதா?

"ஒரே ஒரு டெஸ்ட்" என்றாள். "நாளைக்கு என்னை டி. நகர் புடவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டிட்டு வரணும். வந்துட்டா கார் நிக்கட்டும். இல்லைன்னா வித்துடணும். அங்கிள் வரலாம், பின்னாடிதான் உக்காரணும்."

டீச்சர் முகம் சுண்டிவிட்டது. அவருக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டாள்! அதுவும் பண்டிகை நேரத்து டி. நகர். அந்தக் காரில் எனக்குப் பிரேக்கும் கிடையாது.

மறுநாள் கேட்டைத் தாண்டியதும் டீச்சர் வலது பக்கம் அம்சமாகத் திரும்பினார். மகள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போனிலிருந்து ஒரு பெண் குரல் வழி சொல்லிக்கொண்டு வந்தது. அடுத்த திருப்பத்தில் வலது பக்கம் திரும்பவும் என்றது. அங்கே தகரத் தடுப்பு, உள்ளே பள்ளம். அடுத்ததில் திரும்பவும் என்றது. அங்கே ஒருவழிப் பாதை, எதிரில் பஸ் வரிசை. குரல் விடாமல் அதையே சொன்னது. பின்னால் ஹாரன். மகளுக்கு வியர்த்துவிட்டது.

"அம்மா, அது சொல்ற வழி மூடியிருக்கு! இப்ப என்னம்மா பண்றது? எங்க போறது?"

நான் பின்னால் இருந்தபடி கால் மிதியை மிதித்த மிதியில் அது சுருண்டுவிட்டது. டீச்சரோ இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார், செகண்டுக்கு இறக்கினார்.

"எங்கயாவது போவோம்" என்றார். "அந்தப் பக்கம் கூட்டம் இல்ல பாரு. அந்தப் பொண்ணை வாயை மூடச் சொல்லு, பாவம், அதுக்கும் தெரியல."

மகள் போனை அணைத்தாள். பெரிய ரோடு, சின்ன ரோடு, ஒரு பாலம். அடையாறு தாண்டிவிட்டோம் என்பது காற்று மாறியதில் தெரிந்தது. டி. நகர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கேயோ இருந்தது. டெஸ்ட் போச்சு, கார் போச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். முன் சீட்டிலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு மேடு பள்ளம் இல்லாத தெருவாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பினார். திருவான்மியூர், கொட்டிவாக்கம், மறுபடி உள் தெரு. வெயில் தாழ்கிற வரைக்கும் ஓட்டினார். நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன். பயத்தோடு படிக்க வந்தவர்களுடன் ஆயுசெல்லாம் உட்கார்ந்தவன், ஓடுகிற வண்டியில் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஒரு வேகத்தடையில் அந்தப் பெண் விழித்துக்கொண்டாள். "எங்கம்மா இருக்கோம்?"

"தெரியலடி. இன்னும் கொஞ்சம் தூங்கு."

அவள் கடலைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், கியரைப் பார்த்தாள். "புடவைக் கடை?"

"போன்ல தட்டினா வீட்டுக்கே வருமே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. ஊருக்குத் திரும்பும்போது கார் சாவிக்கு ஒரு புது வளையம் வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. மத்தியானத்தில் நிற்பதில்லை.

இத்தோடு நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. சர்ச் பெண்கள் கூட்டத்தில் டீச்சர் பேசினாராம். ஆண்டவர் எனக்கு வழி காட்டினார், என் மகள் எனக்கு நம்பிக்கை கொடுத்தாள் என்று சொல்லி, எல்லாரும் கைதட்டி, இப்போது சாந்தோமிலிருந்து வரிசையாக அம்மாக்கள் வருகிறார்கள், 'எங்கன்னு இல்லாம' கற்றுக்கொள்ள. என் பையனோ டி. நகர் கிளையில் பளபளவென்று ஒரு போர்டு வைத்துவிட்டான். 'பாதையில்லாப் பயிற்சி, எங்கள் புதிய கண்டுபிடிப்பு' என்று. அதில் அவன் போட்டோ. பின்னால் படமாக, பூனை விளையாடின என் நூல்கண்டு!

ஆண்டவரோடு எனக்குத் தகராறு இல்லை. அவர் வழி காட்டியிருக்கலாம். அவர் காட்டியபோது இடது சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்காமல் இருந்தது யார்? வலது பக்கமே இல்லாத ரவுண்டை நான் கட்டாமல் விட்டிருந்தால் டீச்சருக்குக் கோபம் வந்திருக்குமா? கோபம் வராவிட்டால் குடையோடு என் ஆபீசுக்கு வந்திருப்பாரா?

ஆகவே எழுத்திலேயே கேட்கிறேன். டீச்சர் அடுத்த கூட்டத்தில் பேசும்போது ஆண்டவருக்கு அப்புறம், மகளுக்கு முன்னால், மாஸ்டர் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பையன் அந்த போர்டில் 'புதிய கண்டுபிடிப்பு' என்பதை அழித்துவிட்டு, 'இதை ஆரம்பித்து வைத்தவர் ஓனரின் அப்பா' என்று போட வேண்டும். இல்லை, அதுவும் சரியில்லை. 'ஓனர்' என்று போடட்டும். போட்டோவையும் மாற்றட்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்த போட்டோ ஒன்று என் வீட்டுக்காரியின் போனில் இருக்கிறது.